விழுந்த பல்லும் அறுந்த நரம்பும்

(எமது சங்கத்தின் தைப்பொங்கல் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. சித்திரைப் புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



இந்த மேடையில் வழக்கமாகப் படித்த பெரியவர்கள்தான் பேசுவார்கள். நான் டொக்டர் இல்லை. உயர்தரத்தில் உயிரியல் பாடம் எடுத்தேன். அதோடு என்ர படிப்பு நிண்டு போச்சு. இப்போது தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். ஆனாலும் ஒரு விசயத்தைப் பற்றி ஒன்றரை வருசமாகத் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எங்கட வீட்டில வந்தது. உங்களில் கனபேருடைய வீட்டிலும் அந்தத் தேவை இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் செயலாளர் கேட்டதும் பேசச் சம்மதித்தேன்.

என்ர அண்ணாவுக்கு 2009ஆம் ஆண்டு வன்னியில் ஷெல் துண்டு முதுகில் பட்டது. முள்ளந்தண்டுக்குள் போகும் பெரிய நரம்பு, அதாவது முண்ணாண், அடிபட்டுவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அன்று தொடக்கம் சக்கர நாற்காலிதான். அப்படி ஒருவர் இல்லாத உறவு எங்களுக்குள் குறைவு.

ஒன்றரை வருசத்துக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணா தொலைபேசி எடுத்தார். "தம்பி, உன்ர மகளுக்குப் பல்லு ஆடுது எண்டு சொன்னனீ எல்லே. விழுந்தால் எறிஞ்சு போடாத, கவனமா எடுத்து வை" என்றார். ஏன் என்று கேட்டேன். சின்னப் பிள்ளையளின்ர பல்லில் இருந்து ஸ்ரெம் செல் எடுத்து அறுந்த நரம்பை ஒட்டலாமாம், வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்ததாம். பத்து நாளில் மகளுக்குப் பல் விழுந்தது. மனுசி அதைப் பஞ்சில் சுற்றி, குங்குமச் சிமிழுக்குள் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டா. ஊரில் என்றால் ஓட்டுக்கு மேல எறிந்து அணிலிட்டைப் புதுப் பல்லுக் கேட்டிருப்போம்.

கொஞ்ச நாளில் விசயம் பெரிதாகிவிட்டது. வெளிநாட்டில் உள்ள ஒரு தனியார் நிலையம், இலங்கைக் காசுக்கு முப்பது இலட்சம் கொண்டுவந்தால் ஊசி போட்டுக் குணமாக்கலாம் என்று அண்ணாவுக்குச் சொல்லியிருக்கிறது. அம்மா காணியை விற்கிறன் எண்டு நிண்டா. நான் அப்போதுதான் வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். எங்கட சனத்துக்குச் 'செல்' என்றால் ஷெல்லடிதான் ஞாபகம் வரும். இங்கே சொல்வது உடம்பைக் கட்டியிருக்கிற மிகச் சிறிய உயிர் அலகு. பள்ளிக்கூடத்தில் 'கலம்' என்று படித்தோம். தோல் கலம் தோலாகத்தான் இருக்கும், எலும்புக் கலம் எலும்பாகத்தான் இருக்கும். ஆனால் சில கலங்கள் இன்னும் ஒரு வேலையில் நிலைக்காமல் இருக்கும். அவை தம்மைப்போலப் பெருகவும், தேவைக்கேற்ப வேறு வகைக் கலங்களாக மாறவும் கூடியவை. இவைதான் ஸ்ரெம் செல். நான் மூலக்கலம் என்று சொல்கிறேன்.

பல்லுக்குள் மூலக்கலம் எங்கே இருக்கிறது? வெளியே கடினமான மிளிரி. அதற்கு உள்ளே பன்முதல். அதற்கும் உள்ளே, நடுவில், இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகிற மெதுவான சதை. சூத்தைப் பல்லுக் குத்துகிறபோது குத்துவது அந்த இடம்தான். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை செய்த ஸ்ரான் குரொந்தோஸ், சொங்ராவ் ஷி ஆகியோர் கழற்றப்பட்ட ஞானப்பற்களின் சதையில் மூலக்கலங்கள் இருப்பதைக் காட்டினார்கள். பிறகு ஷி தன்னுடைய மகளின் பாற்பல் விழுந்தபோது அதை எடுத்துப் பார்த்தார். உள்ளே சிவந்த சதை இருந்தது. 2003இல் பாற்பல்லிலும் மூலக்கலம் உண்டு என்று அவரது குழு வெளியிட்டது. ஒரு முன்பல்லில் ஏறக்குறைய 12 முதல் 20 கலங்கள்தான் அப்படி வளரக்கூடியவையாக இருந்தன. தொகை சிறிது. ஆனால் ஆய்வுகூடத்தில் பெருக்கலாம்.

சரி, நரம்புக்கும் பல்லுக்கும் என்ன சொந்தம்? இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. தாயின் வயிற்றில் சிசு உருவாகிற ஆரம்பத்தில், முண்ணாண் வரப்போகிற இடத்தின் ஓரத்தில் ஒரு கூட்டம் கலங்கள் தோன்றுகின்றன. அந்த இடத்துக்கு நரம்பு முகடு என்று பெயர். அந்தக் கலங்கள் அங்கேயே நிற்பதில்லை. புறப்பட்டு உடம்பு முழுதும் போய்க் குடியேறுகின்றன. ஒரு பகுதி கை கால் நரம்புகளைச் சுற்றிக் காவலாக நிற்கிற கலங்களாகிறது. ஒரு பகுதி முகத்துக்குப் போய் முக எலும்பையும் பல்லின் உட்பகுதியையும் ஆக்குகிறது. ஆக, பல்லின் சதையும் நரம்பின் உறையும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். 2014இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், சுண்டெலியின் முன்பல்லில் நரம்பைச் சுற்றியிருந்த காவல் கலங்களே பல்லின் சதைக் கலங்களாக மாறுவதையும் கண்டார்கள். பல்லுக் கலத்தை வைத்து நரம்பைத் திருத்தலாமா என்று விஞ்ஞானிகள் கேட்டதற்கு இந்தச் சொந்தமும் ஒரு காரணம்.

இனி, அறுந்த நரம்பு ஏன் தானாக ஒட்டுவதில்லை என்று பார்ப்போம். கையில் உள்ள நரம்பு வெட்டுப்பட்டால் அது திரும்ப வளரும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். பாகல் கொடிக்குப் பந்தல் போட்டால் அது பிடித்துக்கொண்டு போவதுபோல, காவல் கலங்கள் பாதை காட்ட நரம்பு நார் அதில் படர்ந்து போகிறது. முண்ணாணில் அப்படி நடப்பதில்லை. அங்கே அடிபட்ட இடத்தில் தழும்பு கட்டுகிறது. அந்தத் தழும்பிலும், சிதைந்த உறைகளிலும் 'இங்கால வளராதே' என்று தடுக்கிற பொருட்கள் உண்டு. அதோடு, முதற் காயத்தில் தப்பிய கலங்களும் அடுத்து வரும் நாட்களில் வீக்கத்தால் சாகின்றன. பந்தலும் இல்லை, குறுக்கே மதிலும் இருக்கிறது, கொடியும் வாடுகிறது என்றால் எப்படி வளரும்?

இந்த மூன்று சிக்கலிலும் பல்லுக் கலங்கள் கை கொடுக்கலாம் என்று யப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் அகிஹிதோ யமமோதோ, மினோரு உயேதா குழுவினர் காட்டினார்கள். அவர்களது கட்டுரை 2012 ஜனவரி இதழில் வந்தது. முண்ணாண் முற்றாக வெட்டப்பட்ட எலிகளுக்கு, மனிதரின் பாற்பல்லிலும் ஞானப்பல்லிலும் இருந்து எடுத்த கலங்களை வைத்தார்கள். சாகப்போன நரம்புக் கலங்களில் ஒரு பகுதி தப்பியது. தடுக்கிற பொருட்களின் வேலை குறைந்தது. நரம்பு நார்கள் கொஞ்சம் வளர்ந்தன. வைத்த கலங்களில் ஒரு பகுதி, நரம்பு நாருக்கு உறை போடுகிற வகைக் கலங்களாக மாறின. எலிகள் பின்னங்கால் மூட்டுக்களை அசைத்தன. எலும்பு மச்சைக் கலம் வைத்த எலிகளில் இவ்வளவு முன்னேற்றம் இல்லை.

அண்ணா பார்த்த காணொளியில் இந்த எலிகளைத்தான் காட்டியிருந்தார்கள். எலி காலை அசைப்பதைப் பார்த்தால் எவருக்கும் கண் கலங்கும். எனக்கும் கலங்கினது. ஆனால் காணொளியில் சொல்லாமல் விட்ட இரண்டு விசயம் இருக்குது. ஒன்று, அந்த எலிகள் உடம்பின் பாரத்தைத் தாங்கி நடக்கவில்லை. இரண்டு, கலங்களை வைத்தது காயம் பட்ட ஆரம்ப நிலையில். அண்ணாவின் காயம் பதினைந்து வருசத்துக்கு மேற்பட்டது. தழும்பு எப்போதோ இறுகிவிட்டது.

மனிதரில் ஒன்றுமே நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்திருக்குது. 2018இல் சீனாவில் இருந்து வந்த ஒரு ஆய்வில், விழுந்து முன்பல் அடிபட்டுச் செத்துப்போன பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்தப் பாற்பல்லின் கலங்களை வளர்த்து அந்தப் பல்லுக்குள் வைத்தார்கள். பல்லுக்குள் சதை திரும்ப வளர்ந்தது, இரத்த ஓட்டம் வந்தது, உணர்வும் வந்தது. சின்ன இடம்தான், ஆனால் உண்மையான முன்னேற்றம். 2019இல் யப்பானில், மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பல்லுக் கலம் ஏற்றிப் பார்க்கும் பரிசோதனை தொடங்கியது. ஆனால் எத்தனையோ வருசத்துக்கு முன் அடிபட்ட முண்ணாணைப் பல்லுக் கலத்தால் மனிதரில் குணமாக்கியதாக நிறுவப்பட்ட சிகிச்சை எதுவும் இன்றுவரை இல்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

வேறு வழியாலும் முயற்சி நடக்கிறது. சாதாரண உடற்கலத்தைத் திரும்ப மூலக்கலமாக மாற்றும் முறையை யப்பானின் ஷின்யா யமனாகா 2006இல் சுண்டெலியின் கலங்களில் கண்டுபிடித்தார். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறையால் ஆக்கிய கலங்களைக் கெய்யோ பல்கலைக்கழக வைத்தியர்கள் முண்ணாண் அடிபட்ட நான்கு பேருக்கு வைத்து, 2025 மார்ச்சில் முடிவை அறிவித்தார்கள். இரண்டு பேருக்கு நல்ல முன்னேற்றம். அதில் ஒருவர் தானாக எழுந்து நிற்கிறார். மற்ற இருவருக்கு அந்தளவு முன்னேற்றம் இல்லை. நால்வருக்கும் பெரிய தீங்கு நேரவில்லை. இங்கேயும் கவனிக்க வேண்டியது, காயம் பட்டு ஒரு மாதத்துக்குள் கலங்கள் வைக்கப்பட்டன என்பதுதான்.

"சரி தம்பி, குணமாகாட்டிலும் போடுறதில என்ன நட்டம்?" என்று அம்மா கேட்டா. நட்டம் காசு மட்டும் என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். 2016இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு 66 வயதுக்காரரின் கதை வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சீனா, ஆர்ஜென்ரீனா, மெக்சிக்கோ என்று போய்க் காசு கட்டி மூலக்கல ஊசி போட்டார். அவை பல்லுக் கலங்கள் இல்லை, வேறு வகை. பிறகு அவருடைய முள்ளந்தண்டுக்குள் ஒரு கட்டி வளர்ந்தது. பரிசோதித்தபோது அதில் இருந்த கலங்களில் பெரும்பகுதி இன்னொரு மனிதருடையவை. பெருகக் கூடியது என்பதுதான் மூலக்கலத்தின் சிறப்பு. அது தவறான இடத்தில் அடங்காமல் பெருகினால் அதுவே ஆபத்து.

ஆகவே நான் அந்தத் தனியார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து மூன்று கேள்வி கேட்டேன். நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: இந்தச் சிகிச்சையை யாருக்குச் செய்து பார்த்தீர்கள், எலிக்கா மனிதருக்கா? காயம் பட்டு எத்தனை நாளுக்குப் பிறகு? அதன் முடிவு எந்த மருத்துவ இதழில் வந்தது?

இரண்டாவது: இது பரிசோதனையா, அனுமதி பெற்ற சிகிச்சையா? பரிசோதனை என்றால் பதிவு இலக்கம் என்ன? முறையான பரிசோதனையில் நோயாளியிடம் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. நீங்கள் ஏன் முப்பது இலட்சம் கேட்கிறீர்கள்?

மூன்றாவது: ஊசி போட்ட பிறகு கட்டியோ கிருமியோ வந்தால், ஊருக்குத் திரும்பிப்போன மனிதரை யார் பார்ப்பது? எழுத்தில் தருவீர்களா?

முதற் கேள்விக்கு, குணமான ஆக்களின்ர காணொளி அனுப்புகிறோம் என்றார்கள். இரண்டாவதுக்கு, இந்த மாதம் பதிந்தால் விலைக்கழிவு உண்டு என்றார்கள். மூன்றாவது கேட்டதும் தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுக்கவேயில்லை.

பல்லைச் சேமித்து வைப்பது பற்றியும் கனபேர் கேட்கிறீர்கள். வீட்டில் பஞ்சில் சுற்றி வைத்த பல்லில் கலங்கள் காய்ந்து செத்துவிடும். என் மகளின் பல்லும் அப்படித்தான். சேமிக்கிற நிலையங்கள், பல்லை உயிர்ச்சத்தோடு எடுத்து, ஈரம் காயாமல் விரைவில் கொண்டுபோய், கலங்களைத் திரவ நைதரசனின் கடுங்குளிரில் வைக்கின்றன. அதற்கு ஆரம்பக் கட்டணமும் வருசா வருசம் வாடகையும் உண்டு. பிரித்தானியாவில் அப்படிச் சேமிக்க மனித இழைய அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது ஒழுங்காகச் சேமிப்பதற்கான அனுமதி மட்டுமே. பின்னுக்கு நோய் மாறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வசதி உள்ளவர்கள் விரும்பினால் செய்யட்டும். ஆனால் பிள்ளையின் பல்லைச் சேமிக்கவில்லையே, நான் நல்ல தாய் இல்லையோ என்று ஒருவரும் மனம் நோக வேண்டாம். அந்த யப்பானியப் பக்கவாதப் பரிசோதனையில் கொடுத்தது வேறொருவருடைய பல்லில் இருந்து ஆக்கிய கலங்களைத்தான்.

நம்பிக்கையைக் கெடுத்துப்போட்டு இறங்கிப் போகிறான் என்று நினைக்காதீர்கள். இனித்தான் முக்கியமான விசயம்.

முண்ணாண் அடிபட்டவர்களை இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் வைத்தியர்களே கைவிட்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் சில வருசத்துக்குள் செத்துப்போனார்கள். அவர்களைக் கொன்றது அறுந்த நரம்பு இல்லை. படுக்கைப் புண்ணும் சலக் கிருமியும்தான். இதை மாற்றியவர் லூட்விக் குட்மான். ஜேர்மனியில் இருந்த யூத வைத்தியர். நாஜிகளிடம் தப்பி 1939இல் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இங்கிலாந்துக்கு அகதியாக வந்தார். 1944 பெப்ரவரியில் ஸ்ரோக் மண்டேவில் வைத்தியசாலையில் முண்ணாண் பிரிவைத் தொடங்கினார். அவரிடம் மந்திர ஊசி ஒன்றும் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைத்தார். சலக்குழாயைச் சுத்தமாகக் கையாள வைத்தார். படுக்கையில் விடாமல் எழுப்பி வேலையும் விளையாட்டும் பழக்கினார். 1948 யூலை 29ஆம் திகதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பராலிம்பிக்கின் தொடக்கம் அதுதான். அகதியாக வந்த ஒரு மனிதர் செய்த வேலை இது.

அமெரிக்காவில் கிம் அன்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர், தானும் முண்ணாண் காயத்தோடு வாழ்பவர், 681 பேரிடம் உங்களுக்கு எது முதலில் திரும்ப வேண்டும் என்று கேட்டு 2004இல் எழுதினார். கழுத்தில் அடிபட்டவர்களில் கனபேர் முதலில் கேட்டது கையும் விரலும். சலமும் மலமும் கட்டுப்பாட்டுக்குள் வருவது எல்லோருக்கும் பெரிய விசயமாக இருந்தது. நாங்கள்தான் 'நடக்க வேண்டும், நடக்க வேண்டும்' என்று நிற்கிறோம்.

நான் இதை வாசித்த பிறகுதான் அண்ணாவிடம் முதன்முதலாகக் கேட்டேன், "உனக்கு என்ன வேணும் அண்ணா?" என்று. இத்தனை வருசத்தில் கேட்டதேயில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நடக்கிறதைப் பிறகு பாப்பம். போன வருசம் புண் வந்து நாலு மாதம் குப்புறக் கிடந்தனான். அது திரும்ப வராமல் இருந்தால் எனக்குக் காணும்." நான் மாதா மாதம் காசு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் பழைய பஞ்சு மெத்தைத் துண்டில் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

இப்போது காற்று அடைத்த நல்ல இருக்கை மெத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அரை மணித்தியாலத்துக்குள் ஒருக்கா கையை ஊன்றி உடம்பை உயர்த்துகிறார். இரவில் புரட்டிப் படுக்க வைப்பது மருமகனின் வேலை. காலையும் மாலையும் கண்ணாடி பிடித்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறார். சுத்தமான சலக்குழாய்க்கு ஒழுங்கு செய்திருக்கிறோம். கால் மூட்டுக்கள் இறுகாமல் அசைத்து விடுகிறார்கள். காணி விற்கப்படவில்லை. புண் வரவில்லை. எப்போதாவது உண்மையான சிகிச்சை ஒன்று வருமானால், அதைப் பெறுவதற்கு உடம்பு நல்ல நிலையில் இருக்க வேண்டுமல்லவா? ஆகவே இது காத்திருப்பதற்கும் உதவுகிற வேலைதான்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் உறவில் இப்படி ஒருவர் இருந்தால், இந்தப் புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்ல எடுக்கிற தொலைபேசியில் "என்ன மெத்தையில இருக்கிறாய், புண் இருக்கோ" என்று ஒருக்கா கேளுங்கள். காணொளி அனுப்புவதற்கு முன்னர் அந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று. விஞ்ஞானம் படிக்கிறவர்கள் இந்தத் துறையையும் பாருங்கள். எலியில் வந்தது மனிதருக்கு வர, வேலை செய்ய ஆட்கள் தேவை.

கடைசியாக, அந்தக் குங்குமச் சிமிழ். பல்லுச் செத்துப்போச்சு, பிரயோசனம் இல்லை என்று அண்ணாவுக்கு எப்படிச் சொல்வது என்று கனநாள் யோசித்தேன். போன மாதம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "அப்ப ஏன்ரா பிள்ளைக்குப் பல்லு முளைக்காமல் வைச்சிருக்கிறாய்? அணிலுக்குக் குடு" என்றார். மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வளவுக் கொட்டில் கூரையில் எறிந்தோம். இங்கத்தை அணில் எங்கட அணிலை விடப் பெரிசு, பல்லும் பெரிசாத்தான் தரும் எண்டு மகள் சொன்னா.